மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கிய வண்டி

போன வருஷம் மழை ஓய்ந்து பனி தொடங்கியிருந்த சமயம், பொன்முடி மலைச் சாலையில் பாதி வழியில், ஒரு கொண்டை ஊசி வளைவில் இது நடந்தது. ஆனால் அன்றைக்கு நடந்ததைச் சொன்னால் மட்டும் போதாது. அதற்கு முன்னால் இரண்டு மாதமாக என் மனசுக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

திருவனந்தபுரத்தில் வலியசாலை அக்ரஹாரம்தான் எங்களுக்கு. நான் ஆடிட் செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவன். சந்தேகப்படுவதற்காகவே மாதாமாதம் சம்பளம் வாங்கினவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபீசை விட்டு வந்த பிறகும் அந்தக் குணம் என்னை விட்டுப் போகவில்லை. பால்காரர் பாத்திரத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால்கூட ஏன் சாய்க்கிறார் என்று எட்டிப் பார்ப்பேன். "சாமியே நேர்ல வந்து நின்னாலும் நீங்க ஐடி கார்டு கேப்பேள்" என்று என் மனைவி கேலி செய்வாள்.

அவளுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பெல்ட் போட்டுக்கொண்டு, பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் நிற்கலாம். உட்காரத்தான் முடியாது. ஆட்டோ, கார், பஸ் எதிலும் ஏற வழியில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக ஜன்னலையும் ஃபேனையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஊர் முழுக்கச் சுற்றி டீச்சர் வேலை பார்த்தவள் அவள். எதையும் வாய்விட்டுக் கேட்கமாட்டாள். ஆனால் வாசலில் யாராவது வண்டியைக் கிளப்பினால் அவள் தலை அந்தப் பக்கம் திரும்பும். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

அப்போதுதான் என் மச்சினன், அவளுடைய ஒரே தம்பி, கேரவன் யோசனையோடு வந்தான். அவன் மஸ்கட்டில் பல வருஷம் பெரிய லாரி ஓட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்டவன். பக்கத்துத் தெருவில் இருக்கிறான். எங்கள் அக்ரஹாரத்தில் ஸ்டியரிங் பிடித்துச் சம்பாதித்த ஒரே ஆள் அவன்தான். கொச்சியில் ஒரு டூரிஸ்ட் கம்பெனியில் ஓடிய பழைய டீசல் வேன், உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்து மாற்றியது, விற்பனைக்கு இருப்பதாக அந்தக் கம்பெனியில் இருக்கும் அவனுடைய சிநேகிதர் ஒருவர் சொன்னாராம். "அக்கா படுத்துண்டே கன்யாகுமரி போலாம், கேட்டேளா அத்திம்பேர்!" என்றான். மறுக்க மனசு வரவில்லை. வாங்கிவிட்டோம்.

வண்டி வாசலுக்கு வந்த அன்றே எங்களுக்குள் உரசல் ஆரம்பமாயிற்று. பானெட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். என்ஜின் பளபளவென்று கழுவித் துடைத்திருந்தது. இவ்வளவு பழைய வண்டியின் என்ஜினை எதை மறைக்க இப்படிக் கழுவினார்கள் என்று கேட்டுவிட்டேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. "அழுக்கா இருந்தா பராமரிப்பு இல்லேம்பேள். கழுவினா கள்ளம்பேள். நான் என்னதான் செய்யறது?" என்று சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனான். உள்ளே படுத்திருந்தவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

முதல் தடவை சங்குமுகம் கடற்கரைக்குப் போய் வந்தோம். பின்கதவைத் திறந்து வைத்ததும் அவள் கடலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். வண்டி ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. எனக்கே என் சந்தேகம் கொஞ்சம் அசிங்கமாகப் பட்டது.

அடுத்த வாரம் சுசீந்திரம் கிளம்பினோம். பாறசாலை வரைக்கும் ஒழுங்காக வந்த வண்டி, அதற்கப்புறம் இழுக்க மறுத்தது. மச்சினன் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்கிறான், வண்டி சோம்பேறி மாடு மாதிரி நகர்கிறது. மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறும்போது பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுத் தாண்டிப் போனார்கள். நடந்து போகிற ஒரு அம்மாள் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பாலம் இறங்கியதும் மச்சினன் ஓரம் கட்டினான். இறங்கிப் பின்பக்கம் போனான். டீசல் மீட்டர் சரியாகக் காட்டவில்லை, எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கிறேன் என்று, டேங்க் மூடியைத் திறந்து ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தான். பாதிக்கு மேல் இருந்தது. மூடிவிட்டு வந்து வண்டியை எடுத்தான். என்ன ஆச்சரியம், வண்டி பறந்தது! நாகர்கோவில் வரை மூச்சு விடவில்லை. திரும்பி வரும்போது மறுபடி அதே கதை. மறுபடி இறங்கிப் பின்னால் போனான், வந்தான், வண்டி ஓடியது.

டீசலில்தான் ஏதோ கலப்படம் என்று முதலில் நினைத்தேன். பங்க்கில் போய் டென்சிட்டி பார்த்துக் காட்டச் சொன்னேன். அங்கே இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சோதித்துக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் கரமனைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப். டீசல் ஃபில்டர் மாற்றினார்கள், ஏர் ஃபில்டரை ஊதிச் சுத்தம் செய்தார்கள். டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தார்கள். பிறகு மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "சாரே, வண்டிக்கு ஒரு குழப்பமும் இல்லா" என்று கையைத் துடைத்தார். மலையாளத்தில் குழப்பம் என்றால் கோளாறு. குழப்பம் வண்டியில் இல்லையென்றால் வேறு எங்கே இருக்கிறது? இன்னொரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். இன்ஜெக்டரைக் கழற்றி மாட்டினார்கள், டர்போ என்றார்கள், சென்சார் என்றார்கள். அங்கேயும் ஓட்டிப் பார்த்தபோது வண்டி நல்ல பிள்ளையாக ஓடியது. மெக்கானிக்குகள் ஒருவருக்கொருவர் கூட்டு என்றுகூட எனக்குத் தோன்றியது.

இப்படி ஆளாளாகச் சந்தேகப்பட்டுக்கொண்டு வந்து கடைசியில் என் கண் மச்சினன் மேல் நின்றது. யோசித்துப் பாருங்கள். அவன் ஓட்டும்போது வண்டி படுக்கிறது. அவன் இறங்கிப் பின்பக்கம் போகிறான். என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஏதோ செய்கிறான். வந்து உட்கார்ந்தால் வண்டி ஓடுகிறது. அவன் கை பட்டால் சரியாகிறது என்றால், கெடுப்பதும் அவன் கைதானே? போதாததற்கு கொச்சி சிநேகிதர் ஒரு நாள் எனக்கே போன் செய்தார். "வண்டி தொந்தரவு கொடுக்குதுன்னு கேள்விப்பட்டேன் சார். வேண்டாம்னா நாங்களே திரும்ப எடுத்துக்கறோம், விலைதான் கொஞ்சம் குறையும்" என்றார். இவருக்கு யார் சொன்னது? எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. வண்டியை நம் தலையில் கட்டுவது, ஓடவிடாமல் அலுக்க வைப்பது, அரை விலைக்குத் திரும்ப வாங்குவது. இப்படி எத்தனை பைல் பார்த்திருக்கிறேன் நான்!

மனைவியிடம் வாய் திறக்கவில்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அந்தத் தம்பி ஒருவன்தான். தினமும் சாயங்காலம் வந்து கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, தெருக்கதை எல்லாம் சொல்லி அவளைச் சிரிக்க வைத்துவிட்டுப் போகிறவன். நான் சொல்லி அது உண்மையாகிவிட்டால் அந்த ஸ்டூல் காலியாகிவிடும். அதனால் சொல்லாமல் அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று பார்த்தேன். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று பார்த்தேன். கொஞ்ச நாளில் அவனும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டான். குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான் அவள் பொன்முடி போகணும் என்றாள். ஸ்கூல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பல தடவை போன இடம். "மேல போய் அந்தக் காத்தை ஒரு தரம் மூஞ்சியில வாங்கிக்கணும்" என்றாள். உடனே சரி என்றேன். மச்சினன் மலை வேண்டாம், வண்டி இப்படி இருக்கும்போது ரிஸ்க் என்று இழுத்தான். அவன் தயங்கியதும் எனக்கு இன்னும் உறுதியாகிவிட்டது. நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மலை ஏற்றத்தில் வண்டியை நிறுத்தித்தானே ஆக வேண்டும். அன்றைக்கு அவன் பின்னாலேயே இறங்கிப் போய்க் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்திருந்தேன். மனைவியை மலைக்கு அழைத்துப்போகிற சந்தோஷம் எனக்குள் துளி இல்லை. எப்பேர்ப்பட்ட கிளம்பல் பாருங்கள்!

காலையில் புறப்பட்டோம். நெடுமங்காடு தாண்டி விதுரயில் ஒரு டீ குடித்தோம். மச்சினன் வழக்கம்போல டேங்கைத் திறந்து ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தான். நான் பக்கத்திலேயே போய் நின்றேன். "என்ன அத்திம்பேர், காவலா?" என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்ட மாதிரிதான் இருந்தது, கண் சிரிக்கவில்லை. கல்லாறு வரை ஒன்றுமில்லை. வளைவுகள் ஆரம்பித்தன. முதல் சில வளைவுகளை வண்டி தாண்டியது. காடு மாறித் தேயிலை தெரிய ஆரம்பித்தது. பின்னால் கட்டிலில் பெல்ட் கட்டிப் படுத்திருந்தவள் ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வண்டி தளர்ந்தது. புகை இல்லை, சத்தம் இல்லை, சூடு மீட்டர் ஒழுங்காக இருக்கிறது. இழுக்க மட்டும் மாட்டேன் என்கிறது. பின்னால் வந்த அரசு பஸ் ஹாரன் அடித்தே எங்களை ஓரத்துக்குத் தள்ளியது. வளைவில் சாலை கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் நிறுத்தினான். நான் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். நிமிர்ந்தால் அவன் பின்பக்கம் போய்க்கொண்டிருக்கிறான்.

ஓடிப் போய் அவன் கையைப் பிடித்தேன். ஆமாம், பிடித்தேவிட்டேன். இத்தனை நாள் அடக்கி வைத்தது எல்லாம் வாயில் வந்தது. கொச்சிக்காரருக்கும் உனக்கும் என்ன ஏற்பாடு என்று கேட்டேன். என்ன செய்து வண்டியை நிறுத்துகிறாய், என்ன செய்து ஓட்டுகிறாய் என்று கேட்டேன். அவன் முதலில் திகைத்துப் போனான். பிறகு அவனுக்கும் அணை உடைந்தது.

"நீங்க கேக்கறேளா? நான் கேக்கணும் உங்களை! வண்டி என் கையில வரும்போதெல்லாம் நன்னா இருக்கு. ராத்திரி உங்க வாசல்ல நின்னுட்டு வந்தாத்தான் படுக்கறது. நான் கொண்டுவந்த வண்டி உருப்படக் கூடாதுன்னு நீங்க ஏதாவது பண்றேளோன்னு எனக்கு எத்தனை நாளா இருக்கு தெரியுமா?"

நானா? என் வண்டியை நானேவா? எனக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. கீழே போய்க்கொண்டிருந்த காரில் இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். இரண்டு நரைத்த தலைகள் நடு ரோட்டில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கத்துகிற காட்சி.

"சரி, வாங்கோ. என்னோடயே வாங்கோ. நான் என்ன செய்யறேன்னு கண்ணால பாருங்கோ" என்று அவன் என்னை டேங்க் மூடிக்கு முன்னால் இழுத்துப்போய் நிறுத்தினான். சாவி போட்டு மூடியைத் திருகினான். அது லேசில் வரவில்லை. பலமாகத் திருகியதும் புஸ்ஸென்று ஒரு சத்தம். அதே நேரத்தில் உள்ளே இருந்து என் மனைவியின் குரல்: "இதோ, மறுபடியும் என் அடியில டொக்னு சத்தம்!"

மறுபடியுமா? அவள் சொன்னாள், ஒவ்வொரு தடவை வண்டி நின்றபோதும் கட்டிலுக்கு அடியில் இப்படித் தகரம் தட்டின மாதிரி ஒரு சத்தம் வருமாம். மார்த்தாண்டத்திலேயே சொன்னாளாம். வண்டி சூடு ஆறுகிறது என்று நாங்கள் இரண்டு பேருமே சொல்லிவிட்டோமாம். எனக்கு ஞாபகமே இல்லை. கட்டிலுக்கு நேர் கீழேதான் டீசல் டேங்க் இருந்தது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவன் மூடியை இறுக்கிவிட்டுப் போய், வண்டியை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து, நன்றாக முறுக்கிவிட்டுக்கொண்டே இருந்தான். நான் மூடி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். என்ஜினைப் பலமாக ஓட்டிவிட்டு, வந்து மூடியைத் திறந்தான். மறுபடி புஸ். மறுபடி உள்ளே டொக். காற்றை டேங்க் உறிஞ்சிக்கொள்கிறது! டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்க் உள்ளே இழுத்துக்கொள்ளும், டீசல் என்ஜினுக்குப் போகாது. டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் வராமல் அடம் பிடிக்குமே, அதே சமாச்சாரம். மூடியைத் திறந்தால் காற்று உள்ளே போய்விடும், வண்டி கொஞ்ச தூரம் ஓடும். அவன் டீசல் பார்க்கத் திறந்ததும், ஒர்க்‌ஷாப்காரர்கள் திறந்ததும், அதனால்தான் வண்டி அப்போதெல்லாம் நல்லபிள்ளையாக இருந்திருக்கிறது.

அப்படியென்றால் டேங்குக்குக் காற்று போகிற வழி எங்கே அடைத்திருக்கிறது? மச்சினன் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். வழக்கமான இடத்தில் காற்றுக் குழாயே இல்லை. வண்டியைக் கேரவனாக மாற்றியவர்கள் தங்கள் வசதிக்கு அதைத் தரை வழியாக உள்ளே ஏற்றியிருந்தார்கள். "மேல போறது அத்திம்பேர். அக்கா கட்டில் ஓரமா" என்றான்.

இரண்டு பேரும் உள்ளே ஏறினோம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அவன் கையை விடப் போனான். என் மனைவி சட்டென்று அந்தப் பக்கம் கையை வைத்து மறைத்தாள்.

"அங்க கை வைக்காதடா."

இவளா? வெளியே போக ஆசைப்பட்டவள் இவள்தானே. இல்லை, ஆசையே இல்லையா? எங்களுக்காகப் போகிற மாதிரி நடித்தாளா? இரண்டு மாதமாக ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டவன், அந்த ஒரு நிமிஷத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவளையும் சந்தேகப்பட்டு முடித்துவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையை எடுத்தாள்.

இடுக்கில் விரல் பருமனுக்கு ஒரு கறுப்பு ரப்பர் குழாய் ஓடியது. அதன் நடுவில் மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு. நழுவிக் கீழே போய்விடக் கூடாது என்று குழாயை இரண்டாக மடக்கி, இறுக்கிச் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டிருந்தது. குழாய் அந்த இடத்தில் நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் வீடுகளில் ஏதாவது கஷ்டம் என்றால், ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்வது வழக்கம். காரியம் நிறைவேறினால் முடிச்சை அவிழ்த்துக் காசைக் கோயில் உண்டியலில் போட வேண்டும். அதுவரை அவிழ்க்கக் கூடாது. சாதாரணமாக சாமி அலமாரியில்தான் வைப்பார்கள். அவளால் அந்த அலமாரி உயரத்துக்கு எழுந்து நின்று கையைத் தூக்க முடியாது. வண்டியைப் பற்றித்தான் வேண்டுதல் என்பதால் வண்டியிலேயே கட்டிவிட்டாள், படுத்த வாக்கில் கை எட்டிய இடத்தில். ஏதோ கரண்ட் ஒயர் போகிறது என்று நினைத்தாளாம். சங்குமுகம் போய்த் திரும்பி வரும் வழியிலே.

"என்ன வேண்டிண்டே?" என்று கேட்டேன். வண்டி விபத்தில்லாமல் ஓட வேண்டும் என்றுதான் இருக்கும் என நினைத்தேன்.

"என்னைக் கொண்டுபோறதுக்குன்னு வந்த வண்டி. இதை வெச்சுண்டு நீங்க ரெண்டு பேரும் பகையாயிடக் கூடாதுன்னு வேண்டிண்டேன்" என்றாள்.

வெளியே ஒரு லாரி உறுமிக்கொண்டு மேலே ஏறிப் போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். மச்சினன்தான் முதலில் முடிச்சின் பக்கம் கையை நீட்டினான். அவள் விடவில்லை. நிறைவேறாமல் அவிழ்க்கக் கூடாதாம். முதலில் இரண்டு பேரும் சமாதானமாகவேண்டும், அப்புறம் தானே அவிழ்ப்பாளாம். அவிழ்க்காமல் வண்டி மேலே ஏறாது. மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு ஓட்டலாம் என்று மச்சினன் முனகினான். அவள் முறைத்ததும் அடங்கினான்.

நான் அவனுக்குக் கை கொடுத்தேன். அவன் குலுக்கினான். "ஆச்சு, சமாதானம்" என்றோம்.

அவள் படுத்தபடியே எங்களைப் பார்த்தாள். இப்போது சந்தேகப்படுவது அவள் முறை. "சம்பந்தி சண்டையில போட்டோக்காக கை குடுத்துக்கற மாதிரி இருக்கு. நான் நம்பலை" என்றாள். "யார் மேல என்னென்ன சந்தேகப்பட்டேளோ, அத்தனையும் நேருக்கு நேர் சொல்லுங்கோ. ஒண்ணை ஒளிச்சாலும் அவுக்க மாட்டேன்."

சொல்ல ஆரம்பித்தோம். கொச்சிக்காரர் போன் செய்ததைச் சொன்னேன்; வண்டி முன்னாலும் இப்படிப் படுத்ததா என்று அவரிடம் கேட்டது மட்டும்தான் தான், திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றது அவராகவே என்றான். அவன் எங்கள் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன கைக்குட்டையை எடுத்து டீசல் வாசனை வருகிறதா என்று நான் முகர்ந்ததைச் சொன்னேன். அவன் வாய் பிளந்தான். அவன் சொன்னது அதைவிட மேல். ராத்திரியில் நான் பானெட்டைத் திறக்கிறேனா என்று கண்டுபிடிக்க, மூடுகிற விளிம்பில் ஒரு கோடு விபூதி தடவி வைத்துவிட்டுப் போனானாம். காலையில் வந்து பார்த்தால் விபூதி இல்லை. அதனால் அவனுக்கு உறுதியாகிவிட்டது. எனக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. குளித்துவிட்டு வாசலுக்கு வந்தவன், வண்டி மேல் விபூதியைப் பார்த்து, ஏதோ கோயில் பிரசாதம் வீணாகப் போகிறதே என்று வழித்து நெற்றியில் இட்டுக்கொண்டேன். அதைச் சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். அவளும் முதுகு குலுங்கினால் வலிக்குமே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்த பிறகுதான் அடியில் கிடந்தது வந்தது. உன் அக்காவின் உடம்பை வைத்து நீ வியாபாரம் செய்கிறாய் என்று நினைத்தேன் என்றேன். சொல்லும்போதே நாக்குக் கூசியது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அக்கா இப்படி ஆத்தோடயே கெடந்தா உங்களுக்கு நிம்மதின்னு நான் நெனச்சேன் அத்திம்பேர். எங்கயும் அழைச்சுண்டு போக வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம்னு."

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் சொன்னதில் ஒரு நூல் அளவாவது உண்மை இருந்ததோ என்னவோ. அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பி, அந்த இடுக்கில் கையை விட்டு, முடிச்சை நகத்தால் நெருட ஆரம்பித்தாள். இறுகிப்போன முடிச்சு, லேசில் விடவில்லை. மச்சினன் குழாயைப் பிடித்துக்கொண்டான். நான் போன் வெளிச்சம் காட்டினேன். கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் மடங்கியிருந்த குழாய் மெதுவாக நிமிர்ந்தது. மச்சினன் நசுங்கின இடத்தை விரலால் நீவி உருட்டிவிட்டான்.

அப்புறம் வண்டி ஏறியது பாருங்கள், அப்படி ஒரு ஏற்றம்! ஒரு வளைவில்கூட முக்கவில்லை. மேலே போய்ப் பின்கதவைத் திறந்ததும் பனி உள்ளே புகுந்து கட்டில் வரை வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினாள். "குளிர்றதா?" என்று கேட்டேன். "குளிரட்டும்" என்றாள்.

திரும்பி வந்த பிறகு, முறைப்படி, அந்தக் காசைத் திருநெல்வேலிப் பக்கம் இருக்கிற குலதெய்வத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மச்சினன்தான் ஓட்டினான். இப்போதும் வழியில் டீசல் பார்க்க இறங்கினால், "அத்திம்பேர், நான் பின்னால போறேன், வரேளா?" என்று ஒரு குத்து குத்தாமல் இருக்க மாட்டான். நானும் விடாமல் இறங்கிப் போவேன். எங்களுக்குள் அந்த நாள் முழுசாக ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவன் அன்று சொன்ன அந்த ஒரு வாக்கியம் சில நாள் சாயங்காலத்தில் தானாக ஞாபகம் வரும். நான் சொன்னது அவனுக்கும் வரும் என்று நினைக்கிறேன்.

ஆனால் எனக்கு அதையெல்லாம்விட வேறொன்றுதான் மறக்க முடியவில்லை. கோபம் வந்தால் நான் எழுந்து வாசலில் போய் நிற்பேன். அவன் தன் வீட்டுக்குப் போய்விடுவான். அவளால் எழுந்து எங்கேயும் போக முடியாது. நாங்கள் வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்த சந்தேகம்கூட அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. இரண்டு மாதமும் அவள் அதற்கு நடுவிலேதான் படுத்துக்கிடந்தாள். பழகின குணம், இப்போதும் யார் மேலாவது சந்தேகம் கிளம்பத்தான் செய்கிறது. கிளம்பும்போது, எழுந்து போக முடியாத யாராவது இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்திருக்கிறார்களா என்று முதலில் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.